மூன்றாவது ஓலை

சுனாபட்டி,
7.9.1964

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நேற்று நம் கல்யாண ஓலையைச் சபையில் முதல் முறை வாசித்தபோது அம்மா என் கையைக் கிள்ளினாள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். அதற்குள் யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்றார் போதகர்.

ஒன்று கேட்க வேண்டும். நிச்சயத்தன்று நான் கொடுத்த வேதப்புத்தகத்தைத் தினமும் மாலையில் வாசிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆராதனை முடிந்ததும் அதை உங்கள் பெஞ்சிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தாள்களின் பொன்விளிம்பு ஒருமுறையும் பிரிக்காமல் ஒட்டியபடியே இருக்கிறது. வாசிக்காததுகூடப் பரவாயில்லை, நீங்கள் எழுதிய அந்த வரிதான் உறுத்துகிறது.

ரோஸி

தாராவி,
9.9.1964

அன்புள்ள ரோஸிக்கு,

பொய்தான் எழுதினேன். டேனரியில் கடுக்காய்த் தண்ணீரில் தோலைப் புரட்டுகிற கை இது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் கறை போகாது. நீ கொடுத்தது அழுக்காகிவிடும் என்று தொடவில்லை.

அது பாதிதான். மாலையில் நான் கூட வேலை பார்க்கிற பூலோகத்தோடு சாராய அட்டாவில் குடித்துக்கொண்டு இருக்கிறேன். அத்தை, மாமாவுக்குத் தெரியாது. தடை சொல்வதென்றால் முதலில் நீதான் சொல்ல வேண்டும்.

ஏசுதாஸ்

சுனாபட்டி,
10.9.1964

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். அப்பாவிடம் காட்டவில்லை.

புத்தகம் கறைபடட்டும். முதலாம் சங்கீதம் ஆறே வசனம். நாளுக்கு ஒன்று போதும். வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருங்கள். நான் ஆபீஸில் டைப் அடிக்கையில் அப்படித்தான். யார் கத்தினாலும் உள்ளே ஓர் இடம் குளிர்ந்தே இருக்கும்.

இரண்டாவது ஓலையை வாசிக்கட்டும். மூன்றாவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லத் தெரியவில்லை.

ரோஸி

தாராவி,
17.9.1964

அன்புள்ள ரோஸிக்கு,

ஆறும் முடிந்தது. முதல் வசனத்தில் கெட்டவர்களோடு நடப்பது, நிற்பது, உட்காருவது என்று வரிசையாக வருகிறதே, எனக்கும் அப்படித்தான் ஆனது. முதலில் பூலோகத்தோடு சும்மா நடந்தேன். பிறகு அட்டா வாசலில் நின்றேன். கடைசியில் அவன் பக்கத்து ஸ்டூல் எனக்கென்றே ஆகிவிட்டது.

திங்கட்கிழமை டேனரி வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"என்னலே பாதிரி, பொண்டாட்டி வாறதுக்கு முன்னாலயே பயமா?"

"ஆமாலே, பயந்தான்."

"ரெண்டு நாள்ல வந்துருவ பாரு."

நேற்று கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மனசு லேசாக இருந்தது. அம்மாவோடு உட்கார்ந்து சூடாகச் சோறு தின்றேன். எத்தனை மாதமாயிற்று!

இனிப் போகவே மாட்டேன் என்று எழுதப் பயமாக இருக்கிறது. இன்று போகவில்லை. புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன், நீயே பார்.

ஏசுதாஸ்

சுனாபட்டி,
19.9.1964

அன்புள்ள அத்தானுக்கு,

மாமி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் தாள் பிரிந்திருக்கிறது. ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் தடம், கடுக்காய் நிறத்தில்.

"புதுப் புஸ்தகத்த இப்படியா பாழாக்குவான் ஒருத்தன்!" என்றார் அப்பா. நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நாளை மூன்றாவது ஓலையை வாசிக்கட்டும். புத்தகத்தைச் சபையில் தருகிறேன். அடுத்த தாளை நான் பிரிக்கவில்லை.

உங்கள்
ரோஸி