போடட்டுங்களா கண்ணு?

3-6, செவ்வாய்
காற்று மட்டும், மழை இல்லை. எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையர் அடுத்த வாரம் ஆடிட்டுக்கு வருகிறார்களாம். அவர்களுக்குக் காட்ட, பெண்களுக்கு ஜூடோ. ஒரே பிடி, ஒரே வாரம். கேண்டீன் தரையில் நீல மெத்தை. செக்கிங் டேபிளிலிருந்து என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் எனக்கு இது தேவையா?

தேவைதான். எங்கள் இன்சார்ஜ், பீஸ் பார்க்கிற சாக்கில் என் தோளில் கை வைக்கிறார். மூன்று மாதமாக. பெயரை இங்கே எழுதக்கூடப் பயம். 'இ.' போதும்.

4-6, புதன்
ஜூடோ மேடம் சொன்னது:
சட்டைக் கையைப் பிடித்து இழு.
திரும்பி, மறு கையால் இடுப்பை வளை.
முழங்காலை மடக்கு. உன் இடுப்பு அவள் இடுப்புக்குக் கீழே.
ஏற்றிப் புரட்டு.
எனக்கு ஜோடி ஜெனிபர். திருநெல்வேலிப் பிள்ளை, அயர்னிங் செக்ஷன். பதினோரு தடவை முயன்றேன். அசையவில்லை. இடுப்பில் தைலம்.

6-6, வெள்ளி
கோளாறு தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் "போடட்டுங்களா கண்ணு?" என்று கேட்கிறேன். கேட்டதும் அவள் காலை ஊன்றிக்கொள்கிறாள்.
மேடம்: "கேட்டுட்டுத்தானா ஒருத்தன் உங்க மேல கை வெக்கிறான்?"
எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை.

7-6, சனி
விழுந்தாள்! ஒரே தடவை. அவள் எடை மொத்தமும் என் இடுப்பில் ஏறிப் போனது.
"எக்கா, கேக்காமலே போட்டுட்டியளே!" படுத்தபடியே சிரிக்கிறாள்.
"அடி பட்டுருச்சுங்களா கண்ணு?" என்றேன். சனியன் பிடித்த வாய்.
பால், சீயக்காய் வாங்க மறந்தாயிற்று.

9-6, திங்கள்
நாளை டெமோ. யாரைப் போடுவது? "நானே வர்றேனுங்க" என்று இ. முன்னால் வந்தார். எச்ஆர் பெண் கைதட்டினாள். ஜெனிபருக்கு மட்டும் விஷயம் தெரியும். காதில் சொன்னாள்: "விட்றாதிய எக்கா."
முருகா, ஒரே ஒரு தடவை.

10-6, செவ்வாய்
தூறல். பையர் இரண்டு பேர், கேமரா. கேட்கவில்லை. இழுத்தேன், திரும்பினேன், மடக்கினேன். இ. பறந்து போய் விழுந்தார். ஒரே கைதட்டல்.
என் இடுப்பில் எடையே ஏறவில்லை. ஆள் தானாகவே குதித்துவிட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

11-6, புதன்
காலையிலேயே மெத்தையை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் என் போட்டோ. டீக்கு முன்னால் இ. டேபிளுக்கு வந்தார்.
"நேத்து சூப்பருங்க!" தோளில் கை. எடுக்கவில்லை.
அவர் சட்டைக் கை என் விரலுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. முழங்கால்கூட மடங்கியது.
"ரொம்பத் தேங்க்ஸுங்க சார்" என்றேன். த்தூ.