இரண்டாவது பெட்டி எங்கே, அப்பா?

பாசமுள்ள அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதி உங்களை எழுப்புவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரை ஆகிறது. முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும்போது ஏதாவது டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, "இன்னும் தூங்கலியா சாமி?" என்று நீங்கள் போன் போடுவது இந்த நேரத்தில்தான். இல்லைங்கப்பா, தூங்கவில்லை. பாப்பு இப்போதுதான் கண்ணை மூடினாள்.

அவள் காது மெஷின் நின்றுபோய்ப் பத்தொன்பது நாளாகிறது. ரெண்டு வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே வைத்தது நன்றாகத்தான் இருக்கிறதாம். காதுக்கு வெளியே மாட்டுவோமே, அதுதான் போய்விட்டது. இனிமேல் சரிசெய்ய முடியாது, புதுசுதான் என்று சொல்லிவிட்டார்கள். மனு கொடுத்திருக்கிறோம், வரிசைப்படி வருமாம். எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளை போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் கிடக்கிறார். மழை பிடித்ததில் வண்டி ஓடவில்லை, சாப்பாட்டுக் காசு மட்டும்தான் வருகிறது.

அவள் பேச்சு குறைகிறதுப்பா. "அப்பிச்சி" என்று உங்கள் போட்டோவைக் காட்டி முழுசாகச் சொல்வாளே, இந்த வாரம் அது "அப்பி" ஆகிவிட்டது. பேச்சுப் பயிற்சி டீச்சர், "ரொம்ப நாள் இப்படியே விட்டுறாதீங்க, சேத்து வச்ச வார்த்தையெல்லாம் கரைஞ்சு போயிரும்" என்றார். அதிலிருந்து நான் தினமும் ராத்திரி அவள் சொல்கிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் "பஸ்" இருந்தது. இன்றைக்கு வெறும் கையை ஆட்டுகிறாள்.

அதனால்தான் விற்கலாம் என்று உங்கள் காமிக்ஸில் கை வைத்தேன்.

ஊரில் எல்லோரும் சைட் வாங்கிப் போட்டார்கள், நகை எடுத்தார்கள். நீங்கள் லோடு இறக்கிய ஊரிலெல்லாம் பழைய பேப்பர் கடை, பிளாட்பாரக் கடை என்று நுழைந்து எண்பதுகளில், தொண்ணூறுகளில் வந்த காமிக்ஸாகப் பொறுக்கிக்கொண்டு வந்தீர்கள். காலி முட்டை டிரேக்களுக்கு நடுவில் அவை வந்து இறங்கும்போது அம்மாவுக்கு வருகிற கோபம் ஞாபகம் இருக்கிறதா?

"ஏனுங்க, இந்தப் பொம்மைப் புஸ்தகம் குட்டி போடுமுங்களா?"

"நீ வேணாப் பாரு புள்ள. உன்ற செயினை விட இது ஏறும்."

"அப்ப அடுத்த கண்ணாலத்துக்கு அதையே கழுத்துல மாட்டிக்கிட்டு வாரேனுங்க."

நீங்கள் சிரிப்பீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொடாதே, மடக்காதே, எச்சில் தொட்டுத் திருப்பாதே என்று எனக்கு ஆயிரம் சட்டம். பாப்பு பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, "இவளுக்கு நான் தோடு வாங்கலே. ஊட்டுல பெட்டி இருக்குது, அவ ஆளாகறப்ப கை குடுக்கும்" என்றீர்கள். அவள் ஆளாகும்வரை காத்திருக்க முடியவில்லைங்கப்பா. ஐந்து வயதிலேயே வேண்டியதாகிவிட்டது.

இப்போது சொல்லப்போவதை நீங்கள் நேரில் இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

மெஷின் நிற்பதற்கு முன்பே, உங்கள் முதல் வருஷத் திதிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, அந்தப் புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொண்டுபோய் பைண்டிங் செய்தேன். காலேஜில் என் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்ட் செய்த அதே கடையில். கறுப்பு ரெக்ஸின், தங்க எழுத்தில் உங்கள் பெயர். "அட்டைய வச்சுத் தச்சா தடிமனாயிருமுங்க, எடுத்தறலாமுங்களா?" என்று அந்த அண்ணன் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டார். நான்தான், "எடுத்துருங்கண்ணா, ஓரத்தையும் சமமா வெட்டிருங்க, பார்க்க நீட்டா இருக்கணும்" என்றேன். ஒன்பது வால்யூம் வந்தது. உங்கள் படத்துக்கு முன்னால் அடுக்கிவைத்து மாலை போட்டோம். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பழைய காமிக்ஸ் சேகரிக்கிறவர். வரும்போதே மெல்லிசான கையுறை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே, அடடா, இவர் அப்பா மாதிரி என்று நினைத்தேன். முதல் வால்யூமைத் திறந்தார். ரெண்டு பக்கம் திருப்பினார். கையுறையைக் கழற்றிவிட்டார்.

"அக்கா, இதோட அட்டையெல்லாம் எங்கக்கா?"

"பைண்டிங் கடையில எடுத்தாச்சுங்க. ஏனுங்க?"

அவர் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அட்டை, உள்ளே அடிச்ச பின்னு, வெட்டாத ஓரம், இது மூணுக்கும்தாங்கக்கா காசு. கதையைப் படிக்கிறதுக்கு யாரும் அவ்வளவு குடுக்க மாட்டாங்க" என்றார். பாவம், நல்ல பிள்ளை. அம்மா கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "இதைப் பாப்பாவே வச்சுக்கட்டும்" என்றார்.

அம்மா எழுந்துகொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் அந்த ஒன்பதையும் சேலைத் தலைப்பால் துடைத்து உங்கள் படத்துக்குக் கீழே திரும்ப அடுக்கினார்.

அன்று சாயங்காலம் சேலத்துக்கு, ஆரோக்கியம் மாமாவுக்குப் போன் போட்டேன். உங்களோடு முப்பது வருஷம் காமிக்ஸ் மாற்றிக்கொண்டவர், வேறு யாரிடம் அழுவேன்? முழுவதையும் கேட்டுவிட்டு, "அழுவாத கண்ணு. உங்கப்பன் எதையும் ஒத்தையா வாங்க மாட்டான். ஒண்ணு படிக்க, ஒண்ணு பூட்ட. நீ பைண்ட் பண்ணது படிச்ச செட்டு. பூட்டுன செட்டு எங்க?" என்றார்.

"உங்ககிட்ட இல்லீங்களா மாமா?"

"எங்கிட்டயா? நான் பிரிச்சுப் படிச்சிருவேன்னு எந்தப் பக்கம் வச்சிருக்கான்னுகூடச் சொல்லலே, படுபாவி. மாதா சத்தியமாத் தெரியாது."

அப்போதுதான்ப்பா எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மூக்கில் மாட்டியிருந்ததை ஒதுக்கிவிட்டு நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "சாமி, அந்த ரெண்டாவது பெட்டி..." என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "மூச்சு வாங்குதுங்கப்பா, பேசாதீங்க. ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." நீங்களும் வாயை மூடிக்கொண்டீர்கள். வாழ்க்கையில் என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஏன்ப்பா கேட்டீர்கள்?

அதன்பிறகு தேடாத இடமில்லை. பரண் மேல் ஏறினேன். நீங்கள் ஓட்டிய பழைய வண்டியின் கேபினுக்குள், சேந்தமங்கலம் ரோட்டுப் பண்ணையின் தீவனக் கிடங்குக்குள், ஜேடர்பாளையத்து அத்தை வீட்டு பீரோவுக்குள் கூடப் பார்த்துவிட்டேன். அத்தை, "பொம்மைப் புஸ்தகத்துக்கா இத்தனை அலைச்சல்?" என்று கேட்டுவிட்டு, பாப்புவைப் பார்த்ததும் அவரே முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடினார். இல்லை.

இன்றைக்கு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். பாப்பு தூங்க மறுத்து, உங்கள் படத்துக்குக் கீழே போய் ஒரு வால்யூமை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். பக்கத்தைத் திருப்பி, துப்பாக்கிப் படத்துக்கு மேல் என் விரலை வைத்தாள். பிறகு தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆனது. நீங்கள் சொல்லிக்கொடுத்த விளையாட்டா அது? மெஷினைக் கழற்றிவிட்டுத் தூங்கப்போகும் நேரத்தில் அவளுக்கு இப்படித்தான் கதை படித்தீர்களா? சமையல்கட்டில் இருந்த எனக்கு அது தெரியவே தெரியாதே.

"டுமீல்" என்றேன். அவள் கை அதிர்ந்தது. சிரித்தாள். "உமீ" என்றாள். அழுதுகொண்டே எத்தனை துப்பாக்கி சுட்டேன் என்று தெரியாது. ஓரம் வெட்டிய பக்கங்கள்தான், அட்டை இல்லாதவைதான். அவளுக்கு எதுவும் குறையவில்லை. ஆனால் அவள் இனிமேல் என் தொண்டையைத் தொட்டுத்தான் கேட்க வேண்டும் என்று விட்டுவிட முடியுமாப்பா?

இந்தக் கடிதத்தை உங்கள் காமிக்ஸ் நண்பர்கள் படிக்கிற குழுவிலும் போடப்போகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். முப்பது வருஷம் ஓட்டிய ரோட்டில் எந்த ஊரில், எந்தக் கடைக்காரரிடம், எந்த டிரைவரிடம் கொடுத்துவைத்தீர்களோ. முட்டை அடுக்குகிற அட்டைப்பெட்டியாகத்தான் இருக்கும், நீங்கள் வேறெதில் கட்டுவீர்கள்? யாராவது, "நம்ம முட்டை லோடு முத்துசாமி விட்டுட்டுப் போனது" என்று இன்னும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்கள் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு நீங்கள் போய்விட்டதே தெரியாமல் இருக்கலாம்.

பெட்டி கிடைத்தால் ஒரு கவரைக்கூடப் பிரிக்க மாட்டேன், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். அந்தக் கோயம்புத்தூர்த் தம்பியிடம் அப்படியே கொடுத்துவிட்டு மெஷின் வாங்குவேன். இந்த ஒன்பது வால்யூமை மட்டும் யாருக்கும் தர மாட்டேன். அவளுக்குத் திரும்பக் காது கேட்கிற அன்று, முதல் சத்தமாக உங்கள் "டுமீல்"தான் கேட்கும். இது சத்தியம்.

இந்தத் தடவை உங்களைப் பேசாதே என்று சொல்ல மாட்டேன். நீங்களோ, உங்கள் பெட்டியை வைத்திருக்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்காத மகள்,
பாப்புவின் அம்மா
நாமக்கல்