தங்கவயல் மாடியில் நான்கரை நொடி

ஏப்ரல் 15, செவ்வாய்

கால் இரண்டு தலையணைக்கு மேல். உடைந்த கணுக்காலில் பிளேட் வைத்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் மூன்று வாரம் ஊன்றக்கூடாதாம். ஒரு பிசிக்ஸ் டீச்சரின் கோடை விடுமுறை பெங்களூர் காக்ஸ் டவுனின் இந்த ஒரே ஜன்னலுக்குள் முடியப்போகிறது.

பதினொரு மணிக்கு சுனிதா அழைத்தாள். விண்கல் ஆராய்ச்சி செய்பவள். என்னைப்போல மொட்டைமாடியில் கேமரா வைத்து வானத்தைப் பதிவுசெய்கிறவர்களிடமிருந்து படங்களைச் சேகரிப்பவள். முந்தாநாள், குருத்து ஞாயிறு மாலை ஏழு இருபத்தொன்றுக்கு, முல்பாகல் பக்கம் ஒரு பெரிய எரிகல் இறங்கியிருக்கிறதாம். ஹொசகோட்டே கேமரா ஒன்றில் மட்டும் பிடிபட்டிருக்கிறது. ஒரு கேமரா திசையைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்த கண் வேண்டும். சனிக்கிழமை மழை என்கிறார்கள். ஈரம் பட்டால் கல் கெட்டுப்போகும், சேற்றில் புதைந்தும் போகலாம். உங்கள் தங்கவயல் கேமரா ஓடுகிறதா என்று கேட்டாள்.

ஓடுகிறது. ஓடவேண்டும். பெங்களூர் வானத்தில் நட்சத்திரமே தெரியாததால், நூறு கிலோமீட்டர் தள்ளி பியாட்ரிஸ் அக்கா வீட்டு மாடியில் வைத்த கேமரா அது. பதிவெல்லாம் கீழே டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டியில் சேரும். இங்கிருந்தே அந்த ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது வழக்கம். பரீட்சை, அப்புறம் இந்தக் கால் என்று இரண்டு மாதமாகத் திறக்கவில்லை.

திறந்தேன். ‘சாதனம் கிடைக்கவில்லை.’

ஆறு தடவை. அதே பதில்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பெட்டியில் விளக்கு எரிகிறதா? ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றாள். சிவப்பு என்றால் உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது. மீதி ஒன்றில்தான் எல்லாம்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கட்டுமா லவி?”

தொடாதே என்றேன். பழைய டிஸ்க். நின்றால் மறுபடி சுற்றுமா என்பது யாருக்குத் தெரியும்?

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் அக்காவே கூப்பிட்டாள். நேற்றுக் கத்தியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மார்ச்சில் பழைய லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள் என்று போகிறபோக்கில் சொன்னாள். புது ரவுட்டர்! வெளியிலிருந்து வருகிற அழைப்பை எந்தப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று பழைய ரவுட்டரில் நான் எழுதிவைத்திருந்தேன். புதியதற்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே நான் சொல்ல, அக்கா போனில் தட்ட, இரண்டரை மணி நேரம். அறுபத்துமூன்று வயது, முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இது வராது என்று நினைத்தது என் அகம்பாவம். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் படித்துக் காட்டினாள். ஊசி போடுவதற்கு முன் மருந்தின் பெயரைப் படிப்பது போல.

எல்லாம் சரியாக எழுதியாயிற்று. மறுபடி முயன்றேன். ‘சாதனம் கிடைக்கவில்லை.’

என் கணவர் க்ளென், வேலை முடிந்து பீன்யாவிலிருந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈஸ்டர் முடிந்ததும் தானே போய் எடுத்துவருவதாகச் சொன்னார். அதற்கு முன் லீவு கிடைக்காது. ஈஸ்டருக்கு முந்தின நாள் மழை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

விடிந்ததும் ஒன்று தோன்றியது. ரவுட்டர் தன் வெளி முகவரி என்று காட்டும் எண்ணை அக்காவைப் படிக்கச் சொன்னேன். நூறில் தொடங்கியது. பிறகு அவள் போனிலேயே, வெளி உலகம் அந்த வீட்டை எந்த எண்ணால் பார்க்கிறது என்று தேடச் சொன்னேன். வேறு எண்.

அப்படியென்றால் நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

கேபிள்காரர் நாகேஷை அக்கா வீட்டுக்கே வரவழைத்து, போனை அவரிடம் கொடுத்தாள்.

“மேடம், நம்ம ஏரியா மொத்தம் ஒரே நம்பர்ல ஓடுது. நானூறு வீடு. உள்ளேயிருந்து வெளியே போலாம். வெளியேயிருந்து வந்தா எந்த வீடுன்னு அதுக்குத் தெரியாது.”

தனி எண் கேட்டால் கிடைக்குமாம். ஆனால் நாளை புனித வெள்ளி, ஆபீஸ் லீவு. திங்கட்கிழமை எழுதிக் கொடுங்கள் என்றார்.

போனை வைத்தபிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நானூறு வீட்டின் சிரிப்பு, சண்டை, கல்யாணப் பேச்சு, பரீட்சை முடிவு, எல்லாம் ஒரே வாசல் வழியாகப் போய், பதில் மட்டும் தவறாமல் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. தினம் நடக்கிறது. ஒருநாளாவது வியந்திருக்கிறேனா? பதினொன்றாம் வகுப்புக்கு அலைகளை நடத்துகிறவள் நான்!

உள்ளேயிருந்து வெளியே போகலாம்.

அதுதான் வழி. பெட்டி வெளியே வந்து ஒரு பொது இடத்தில் நிற்கட்டும். நானும் இங்கிருந்து அதே இடத்துக்குப் போகிறேன். இரண்டு பேரும் அங்கே கைகோத்துக்கொள்ளலாம். அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. அதைப் பெட்டியில் ஏற்ற வேண்டும். மறுபடி அக்கா, மறுபடி எழுத்தெழுத்தாக. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து எது, சிறிய எழுத்து எது என்று மூன்று தடவை தப்பு. நான்காவது தடவை பெட்டி ஏற்றுக்கொண்டது.

நாலு பத்துக்கு என் திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய வாசலுக்குப் பின்னாலிருந்து.

“வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சுக்கா.”

பாதம் கழுவும் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் பேசுவோம், உடம்பு எப்படி, மருந்து சாப்பிட்டாயா என்று. இந்த மூன்று நாளில் பேசியது மூன்று வருடத்துக்குச் சமம்.

சுனிதாவுக்கு அன்று மாலையின் பதிவு முழுவதும் வேண்டும், நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத் திசை கணக்கிட. பதினான்கு ஜிபி. அக்கா போனில் அதற்கு இடமில்லை. இங்கே இழுக்கத்தான் வேண்டும். தொடங்கிவிட்டேன். டிஸ்க் முனகி முனகித் தருகிறது.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

காலை ஆறு மணி: 61 சதவீதத்தில் நின்றிருக்கிறது.

பெட்டிக்குள் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, தொட்டால் காய்ச்சல் மாதிரிச் சுடுகிறது என்றாள் அக்கா. நான் சொல்வதற்குள் டேபிள் ஃபேனை எடுத்துவந்து அதன் முன்னால் வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். டிஸ்க்குக்காகவா, ஆண்டவருக்காகவா? கேட்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு முடிந்தது.

ஏழு இருபத்தொன்றைத் திறந்தேன்.

எப்படி எழுதுவது.

சாதாரண மாலை. ஓரத்தில் சயனைடு மேடு, பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் குன்று, மங்கலாகத் தெரிகிறது. வடகிழக்கில் ஒரு புள்ளி. அது வீங்குகிறது. பச்சை, பிறகு வெள்ளை, பிறகு திரையே வெள்ளை. மேடு பகலில் தெரிவது போல மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. பிறகு அது மூன்றாக உடைந்து, சிவந்து, அணைகிறது. மொத்தம் நான்கரை நொடி.

நான்காவது தடவை பார்க்கும்போதுதான் படத்தின் கீழ் விளிம்பைக் கவனித்தேன். துணிக்கொடி. அதன் அருகே அக்கா. காய்ந்த புடவையை மடித்துக்கொண்டிருக்கிறாள். ஒளி வருகிறது. அவள் நிழல் காலடியிலிருந்து நீண்டு, அவளைச் சுற்றிக் கடிகார முள் மாதிரி ஓடுகிறது. அவள் தலை மெதுவாக மேலே திரும்புகிறது. புடவை கையிலிருந்து நழுவுகிறது.

உடனே போன் செய்தேன். நீ பார்த்திருக்கிறாய், ஏன் சொல்லவில்லை என்றேன்.

“பாத்தேன். முட்டி போட்டுட்டேன் லவி. யார்கிட்ட என்னான்னு சொல்றது? ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுதுன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன்.”

மறுபடி ஓடவிட்டேன். உண்மைதான். கடைசி நொடியில் அவள் மண்டியிடுகிறாள்.

எத்தனையோ கோடி வருடம் இருட்டில் சுற்றிய ஒரு கல், அது எரிந்து முடியும் நொடியில் மேலே பார்த்துக்கொண்டிருந்தவள் என் அக்கா. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. க்ளென் பயந்துபோய்க் கால் வலிக்கிறதா என்றார். திரையைக் காட்டினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பதிவு முழுவதும் சுனிதாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் 19, சனி

இரண்டு திசைகளும் சந்தித்த இடம் முல்பாகலுக்கு அப்பால், இரண்டு கிலோமீட்டருக்குள். சுனிதாவின் ஆட்கள் ஏழு பேர் விடிகாலையிலேயே போய் வரிசையாக நடந்திருக்கிறார்கள். மதியம் வரை ஒன்றுமில்லை. பிறகு லட்சுமம்மா என்ற பெண், தன் தக்காளித் தோட்டத்து வரப்பில் திங்கட்கிழமையிலிருந்து ஒரு கறுப்புக் கல் கிடக்கிறது, அது தன் நிலத்துக் கல் இல்லை என்று கூட்டிப்போய்க் காட்டினாளாம். அவள் அதைத் தொடவேயில்லை. ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவைத்திருந்தாள்.

அந்தக் கல்தான்.

நாலே முக்காலுக்கு அங்கே மழை தொடங்கியது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

டிஸ்க் இன்று காலை நின்றுவிட்டது.

மே 9, வெள்ளி

ஊன்றுகோலோடு முதல் வெளிப்பயணம். அக்கா ரயிலில் வந்தாள். இருவரும் சுனிதாவின் ஆய்வகத்துக்குப் போனோம். முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம். கறுத்த தோல், உடைந்த ஓரத்தில் சாம்பல் நிறம். லட்சுமம்மா ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனாளாம்.

கையுறை போட்டுக் கையில் வாங்கினேன். பூமி உருவாகும் முன்பே இது இருந்தது என்று சுனிதா சொன்னாள். பாடத்தில் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கையில் கனக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. அக்கா தொடமாட்டேன் என்றாள். பக்கத்தில் குனிந்து, மூச்சுப் பட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தாள்.

மே 24, சனி

புது டிஸ்க் இரண்டு போட்டாயிற்று. அக்கா தனக்கென்று ஒரு லாகின் கேட்டிருந்தாள், போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை காபி குடிக்கும் முன்பே போன்.

“நேத்து ஏழே முக்காலுக்குச் சின்னதா ஒண்ணு போச்சு, தெற்கே. நீ பாத்தியா?”

நான் பார்க்கவில்லை.