நான் உடைத்ததாகச் சொன்ன போத்தல்

இன்று காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் உன் தெம்போயாக்கின் நாற்றம் எப்படியோ வெளியே வந்துவிடுகிறது. டுரியான் பழமே நாறும். அதன் சதையை வழித்து, உப்புப் போட்டு, நாள்கணக்கில் புளிக்க வைத்து, அதைப் போய்ச் சோற்றோடு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கோவில்பட்டியில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இங்கே ஜொகூருக்குப் படிக்க வந்த பிறகு நீயே என் எதிரில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தாய். பாலை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டு, கடுங்காப்பியோடு உனக்கு இதை எழுதுகிறேன். உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைப் பற்றித்தான்.

தெப்ராவில் அந்த வீட்டை நாம் இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்த முதல் வாரத்திலேயே எனக்கு எல்லாம் அருவருப்பாக இருந்தது. குளியலறைச் சல்லடையில் பந்தாய்ச் சுருண்டு கிடக்கும் உன் தலைமுடி. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து நீ கிள்ளிப் போடும் நெத்திலித் தலைகள், என்னையே பார்க்கும் அவற்றின் கண்கள். சோற்றுப் பானைக்குப் பின்னால் பல்லி எச்சம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவதைப் பார்த்து உனக்கு ஒரே கொண்டாட்டம்.

"மூஞ்ச ஏன்டி அப்பிடி வெச்சிருக்க? ஒன் மேலயா பல்லி விழுந்துச்சி?" என்பாய்.

முதல்முறை பண்டார் தெங்காராவில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனபோது, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சாலையோரக் கடையில் காரை நிறுத்தினாய். கடைக்காரர் பழத்தைப் பிளந்தார். ஒரே ஒரு சுளை. வாயில் வைத்ததும் கைக்குட்டையில் துப்பிவிட்டேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ மீதியைத் தின்று முடித்து, அந்த முள்தோட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினாய். அப்படிக் கழுவினால் நாற்றம் போய்விடுமாம். போகவில்லை. உங்கள் வீடு வரை கார் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் வந்தேன்.

அன்று திரும்பும்போது உன் அம்மா ஒரு போத்தலைக் கொடுத்தார்கள். பாட்டில் என்றுதான் நான் சொல்வேன். உன்னோடு இருந்து இருந்து எனக்கும் போத்தலாகிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் கற்றுக்கொண்டு உன் அம்மா போட்ட தெம்போயாக். நீல மூடி. என் பால் டப்பாவோடு மாறிவிடாமல் இருக்க, அந்த மூடியில் உன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு மண்டை ஓடு வரைந்தேன். "அபாயம்" என்று கீழே எழுதினேன். நீ அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினாய்.

பிறகு பத்து பாகாட்டில் உன் மாமா மகள் கல்யாணம் வந்தது. கிளம்புவதற்கு முந்தின இரவு எனக்குத் தோசை ஆசை வந்துவிட்டது. அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுக் காலையில் அரைத்தேன். இரண்டு நாளில் திரும்பியதும் சுடலாம் என்று நினைப்பு. எங்கள் ஊரில் மார்கழிக் குளிரில் மாவு பொங்காவிட்டால் அம்மா துணியைச் சுற்றி இருட்டில் வைப்பாள். என் அறையில் எந்நேரமும் ஏர்கண்டிஷன் ஓடுகிறதே, பொங்காது என்று நானும் டப்பாவைத் துண்டில் சுற்றித் துணி அலமாரிக்குள் வைத்தேன். கிளம்பும் அவசரத்தில் நீ ஏர்கண்டிஷனை அணைத்தாய். ஜொகூர் வெயிலில் மாவுக்கு அரை நாளே அதிகம் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைவிட, மாவு அரைத்ததையே கல்யாண அமர்க்களத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். இரண்டு நாள் என்று போனது நான்கு நாளாயிற்று.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்கப் புளித்து அழுகிய வீச்சம். நான் யோசிக்கவே இல்லை. நேரே ஃபிரிட்ஜுக்குப் போனேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். போத்தலை ஒரு பையில் போட்டு, கையை எட்ட நீட்டிப் பிடித்தபடி வெளியே ஓடி, குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், கை தவறி உடைந்துவிட்டது என்றேன்.

"அலமாக்! கையில கண்ணாடி குத்திருச்சா? காட்டு," என்றாய்.

என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒரு கீறலும் இல்லை.

மறுநாள் நாற்றம் கூடியது. என் அறையில்தான் அதிகம். அது சமையலறைச் சுவரை ஒட்டிய அறை என்பதால் அப்படி என்று முடிவு கட்டினேன். கல்யாணத்துக்குக் கொண்டுபோன பையைப் பிரிக்காமல் அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, வகுப்பில் எல்லோர் முன்னிலும் பேச வேண்டியிருந்ததால் நல்ல சுடிதாரைத் தேடி அலமாரியைத் திறந்தேன். டப்பா மூடி தெறித்துப் போயிருந்தது. மாவு நான்கு சுடிதார்கள் மேலும் வழிந்து, ஓரத்தில் கறுப்பாகவும் நடுவில் இளஞ்சிவப்பாகவும் பூத்து, அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

நீதான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அள்ளினாய். புழுவைத் தகர முறத்தில் வாரினாய். நடுவில் சிரிப்புத் தாங்காமல் இரண்டு தடவை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"டுரியான் நாறுதுன்னு சொன்னவ, அலமாரியில என்னா வளத்திருக்கா பாரு. ஒன் மாவும் புளிச்சதுதானேடி? அது மட்டும் என்னா, சந்தனமா?"

என் வாந்தியையும் நீதான் துடைத்தாய். கடைசியில் கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்து, "வேற ஏதாச்சும் சொல்லணுமா லா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். புழுவைப் பார்த்தபோதுகூட அவ்வளவு குமட்டவில்லை. அந்த "ஒன்றுமில்லை"யைச் சொன்ன வாயை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பு.

சொல்லலாம், பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். பட்டம் வாங்கும் அன்று சொல்லலாம் என்று தள்ளினேன். நீ சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாய். மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தாய். நான் மேற்படிப்புக்கு இங்கேயே தங்கினேன். ஒரு மழைக் காலையில் லாரி ஒன்று உன்னை இடித்துவிட்டது. அத்தோடு தள்ளிப்போடவும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷத் திதி. உங்கள் வீட்டுக் கூடத்தில் பட்டமளிப்பு அங்கி போட்ட உன் படத்துக்கு மாலை. முன்னால் வாழையிலையில் படையல்: வடை, பாயசம், நீ விடாமல் தின்னும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு ஒரு பொட்டலம். அதன் பக்கத்தில் நீல மூடிப் போத்தல். மூடியில் என் மண்டை ஓடு. பாதி உரிந்திருந்தாலும் "அபாயம்" நன்றாகத் தெரிந்தது.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"அதே போத்தல்தாம்மா. ஒடஞ்சிருச்சின்னு சொன்னியாமே." அழுத கண்ணோடு சிரித்தார்கள். "அன்னிக்கி குப்ப கொட்டப் போனவ பாத்து எடுத்துட்டு வந்துட்டா. மூடி நல்லா இறுக்கமாத்தான் இருந்துச்சி, உள்ள ஒண்ணும் ஆவல. ஒவ்வொரு பழக் காலத்துலயும் இதுலயேதான் போட்டுக் குடுக்கச் சொல்லுவா. இங்கயே வெச்சிச் சாப்புட்டுட்டுப் போவா."

"ஏம்மா என்கிட்ட யாருமே கேக்கல?"

"நாங்க கேக்கலாம்னுதான் இருந்தோம். அவதான் விடல. 'யாரும் கேக்காதீங்க, அவளே ஒரு நாளு சொல்லுவா'ன்னு சொல்லிட்டா."

படையல் பிரித்தபோது போத்தலிலிருந்து எல்லோருக்கும் வைத்ததில் எனக்கும் வைத்தார்கள். வேண்டாமென்றால் விட்டுவிடு என்றார்கள். நான் சோற்றில் பிசைந்து வாயில் போட்டேன். அடியே, கொடுமை. நான் இத்தனை வருஷம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. விழுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது போத்தலை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "நெசமாவா? காருல்லாம் நாறும்மா," என்றார்கள். தெரியும் என்றேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டே தெப்ராவ் வரை வந்தேன்.

தினம் மதியச் சோற்றோடு அரைக் கரண்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு. பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இன்னும் முக்கால் போத்தல் இருக்கிறது. பழக் காலம் வந்ததும் கழுவி உன் அம்மாவிடம் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வரவேண்டும்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். போத்தல் உடையவில்லை. என் கையும் தவறவில்லை. நான்தான் தூக்கிப் போட்டேன். என்னை மன்னித்துவிடு.