இரண்டு தட்டினால் போகலாம்

மார்ச் 3, திங்கள்

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது வந்து உன் காதில் போடுவதற்குள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் முழங்கால் போட்டபடியே தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேனாம். பக்கத்தில் இருந்த நர்ஸம்மா, நான் ஏதோ பெரிய பாரத்தோடு ஜெபிக்கிறேன் என்று நினைத்து ஒவ்வொரு குறட்டைக்கும் 'ஆமென்' சொல்லியிருக்கிறார்.

சிரித்தாயா? சிரிக்கத் தெரிந்தவளுக்குப் போனை எடுக்கத் தெரியாதா? அடித்து அடித்து என் போனுக்கே தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறாய். நீயே தைத்த திரை. நன்றாகத்தான் தைத்திருக்கிறாய், எட்டிப்பார்க்க ஒரு ஓட்டை இல்லை. அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? டெப்போவில் அவர் ஓட்டின பஸ்ஸை இன்னும் நான்தான் கழுவுகிறேன். புது டிரைவர் வாயில் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி வருவான், போவான். நம்மவர் பேசின பேச்சுக்கு டெப்போவே அவரை 'ஹாரன்' என்றுதானே கூப்பிட்டது. காலையில் அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் பின்பக்கத் தகரத்தில் தட்டுவேன். இரண்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. "அக்கா தட்டினாத்தான் நம்ம வண்டி நகரும்" என்பார். அந்த மனுஷன் பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் படுத்திருக்கிறாரே.

கழுவி முடித்ததும் அவர் சீட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அவருக்காகத் தினமும் கேட்கிறேன். நீ என்னவென்றால் கோயிலையே விட்டுவிட்டாயாம். ஏன்?

உன் அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

ஏன் என்று கேட்கிறாயே, உனக்கு என்ன மறதி வியாதியா? மைக்கைப் பிடித்து நீ செய்த ஜெபத்தை நானே எழுதிக் காட்டுகிறேன், படித்துக்கொள்.

"ஆண்டவரே, என் தங்கச்சிக்கு வணங்காக் கழுத்து. சின்னதிலேர்ந்தே அப்படித்தான், உங்களுக்கே தெரியும். அதைக் கொஞ்சம் வளைச்சுக் குடுங்க. அப்பத்தான் எங்க மாப்பிள்ளைக்கு வாய் திறக்கும்."

சபை முழுக்க ஆமென் சொன்னது.

ஆண்டவருக்குக் காது மந்தமா, மைக் வைத்துச் சொல்ல? நீ அவரிடம் பேசினாயா, பெஞ்சில் இருந்தவர்களிடம் பேசினாயா? மறுநாள் ஆறுதல் சொல்லப் பழத்தோடு வந்தவர்கள் எல்லாரும் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். அதில் ஒருத்தி நீ ஜெபித்ததை அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லி முடித்தாள். அவருக்குப் போனது பேச்சுதான், காது போகவில்லை. தன் வாய் அடைத்ததற்குக் காரணம் பெண்டாட்டியின் திமிர் என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கேட்காமலா இருந்தேன்? சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் கேட்டிருப்பேன். ஒரு வார்த்தை போதும் என்றேன். என்னைத் திட்டுகிற வார்த்தையானாலும் சரி என்றேன். வரவில்லை. இப்போது முழங்கால் போட்டால் உன் குரல்தான் மைக்கில் கேட்கிறது. அதனால் விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு. எங்களுக்காக ஜெபிக்க வேண்டாம்.

தங்கை

*

மார்ச் 12

தங்கச்சிக்கு,

ஜெபிக்காதே என்று எனக்கு உத்தரவு போட நீ யார், டெப்போ மேனேஜரா? அவன் சொல்லியே நான் கேட்பதில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போதகரிடம் போனேன். ஏணியில் ஏறிப் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "தங்கச்சி சொல்றது சரிதானேம்மா" என்றார். அந்த நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நன்றிகூட இல்லை.

"அப்ப நான் ஜெபம் பண்ணினது தப்பா ஐயா?" என்றேன்.

"வேணுங்கறதைக் கேளுங்க. யாரை எப்படி ரிப்பேர் பண்ணணும்னு அவருக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. அவருக்கு வேலை தெரியும்."

கோபத்தோடு வேலைக்குப் போனேன். பஸ்ஸைக் கழுவிவிட்டு அவர் சீட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். சரி, போதகர் சொன்ன மாதிரியே செய்து பார்ப்போம் என்று, முதலில் உன்னைப் பற்றின புகாரை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு மேனேஜரைப் பற்றினது. பிறகு மாடி வீட்டுக்காரியைப் பற்றினது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், தங்கச்சி, உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் வாளி. 'ஆண்டவரே' என்று தொடங்கினால் அடுத்தது 'ஆமென்'தான். இத்தனை வருஷமாக அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை போலிருக்கிறது, அவருக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியில், "எனக்கு ஒண்ணும் தெரியல, மாப்பிள்ளைக்கு உதவி செய்யுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மறுநாளும் அதையே சொன்னேன். நாளைக்கும் அதையேதான் சொல்வேன். அவருக்குச் சலித்தால் சலிக்கட்டும்.

உன் கழுத்தைப் பற்றிப் பேசினது தப்பு. மைக்கில் பேசினது அதைவிடத் தப்பு. என்னைத் திட்டு. கதவைச் சாத்து. கையில் கிடைத்ததை எடுத்து எறி. ஆனால் என்மேல் உள்ள கோபத்துக்கு ஆண்டவரிடம் பேசுவதை எதற்கு நிறுத்தினாய்? உனக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிற அளவுக்கு என்னைப் பெரிய ஆளாக்காதே. நான் பஸ் கழுவுகிறவள்.

மாப்பிள்ளையை ஒரு தடவை பார்க்க விடு. வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

சொன்னால் அடங்குகிற ஜன்மமா நீ.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு பெரிய வீட்டுக்குத் திரை அளவு எடுக்க வேண்டும், நான்தான் போக வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவரோடு உட்கார ஆள் இல்லை. அதற்காகத்தான் கூப்பிடுகிறேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. பழம் கொண்டுவராதே. ஜெபித்தால் சத்தம் பல்லைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று. சாயங்காலம் விளக்குப் போட்டதும் கரண்டியால் கட்டில் கம்பியை அடிக்கத் தொடங்கிவிடுகிறார். டொக் டொக். கொஞ்சம் விட்டு மறுபடி டொக் டொக். டீ கொடுத்தால் முகத்தைத் திருப்புகிறார். தலையணையை மாற்றினாலும் நிறுத்துவதில்லை. நான் ஜெபத்தை விட்ட பிறகுதான் இந்தப் புதுப் பிடிவாதம். நேற்று ஆத்திரத்தில் கரண்டியைப் பிடுங்கிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. திரும்பக் கொடுத்துவிட்டேன். நீ இருக்கும்போது அடித்தால் கண்டுகொள்ளாதே.

நர்ஸம்மா உண்மையாகவே ஆமென் சொன்னாரா?

தங்கை

*

மார்ச் 23, ஞாயிறு

அன்பான தங்கச்சிக்கு,

கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் அதுதான் காரணம். நேற்று நீ வருவதற்குள் நான் ராத்திரி வேலைக்கு ஓடவேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டம்மாவை உட்காரவைத்துவிட்டுப் போனேன். நடந்ததை மாப்பிள்ளையால் சொல்ல முடியாது, அவருக்குப் பதில் நான் சொல்லவேண்டும்.

நீ வர நேரமாகி இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன். உடனே கரண்டியை எடுத்தார். டொக் டொக். நானும் உன்னைப் போல டீ போட்டுத்தான் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பினார். என்னையே பார்த்தார். மறுபடி டொக் டொக்.

அந்தச் சத்தம் என் கை தட்டின சத்தம், தங்கச்சி. நான் தட்டித் தட்டி அவர் வண்டி எடுத்த சத்தம். இரண்டு தட்டினால் போகலாம்.

"எங்க மாப்பிள்ளை போகணும்?" என்றேன். கண்ணைக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுபோனார். நீ முழங்கால் போடுவாயே, அந்த இடத்துக்கு.

நான் அங்கே முழங்கால் போட்டேன். கரண்டி நின்றது. வாயைத் திறக்கவில்லை, உனக்குக் கொடுத்த வாக்கு. மனதுக்குள் "எனக்கு ஒண்ணும் தெரியல, உதவி செய்யுங்க" என்றேன். அதற்குமேல் என்னிடம் இல்லையே, ஆமென் என்று நெஞ்சில் கையை வைத்தேன். டொக் டொக். மறுபடி அதையே சொன்னேன். முடிக்கப் போனால் டொக் டொக். இப்படியே ஓட்டினார் என்னை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா? உன் கழுத்து பெரிதா என் வாய் பெரிதா என்று நாம் இரண்டு பேரும் தபால் செலவு செய்துகொண்டிருக்கிறோம். பேச்சே இல்லாத மனுஷன் ஒருத்தர்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நீ டீ கொடுத்திருக்கிறாய். இன்றைக்கு விளக்குப் போட்டதும் டீ போடாதே. போய் முழங்கால் போடு. என் குரல் கேட்டால் கேட்கட்டும், அவர் தட்டுகிற சத்தம் அதைவிடப் பெரிது.

திரை விஷயத்துக்கு வருகிறேன். ரொம்ப நேரம் இருந்ததில் என் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. எழுந்திருக்க எது கைக்கு வந்ததோ அதைப் பிடித்தேன். உன் தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கம்பிதான் சுவரைவிட்டுக் கழன்று என் பிடரியில் விழுந்தது.

மாப்பிள்ளை ஒரு தட்டு தட்டினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

உன் அக்கா