கீழ்க்காலனிக் கிணறு

2087 ஆகஸ்ட் 12, காலை 7:10. மண் நிலையம் 4.
எழுதுவது எஸ்தர், மண் ஆய்வாளர். நிலையத்தில் நான் ஒருத்திதான். மூடிய ஈய ஆலையைச் சுற்றியுள்ள நிலத்தில் எஃகு ஆலைக் கசடையும் அனல்மின் சாம்பலையும் கலந்து இன்றோடு தொண்ணூறு நாள். கசடின் காரம் ஈயத்தை மண்ணோடு கட்டிப்போட்டுவிட்டது. நிலத்தின் தென்கோடியில், நிலையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, கீழ்க்காலனி. நாற்பது குடும்பங்கள். அவர்கள் கிணற்று மாதிரியிலும் ஈயம் இல்லை. வானொலியில் சொன்னேன்: குடிக்கலாம்.

ஆகஸ்ட் 13, காலை 10:40.
காற்றில் நிலையத்தின் வானொலிக் கோபுரம் சாய்ந்தது. கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. காலனித் தலைவர் நசீரின் குரல்:
"எஸ்தரக்கா, தண்ணி இனிப்பா இருக்கு. நேத்துலேருந்து அதத்தான் குடிக்கிறோம். பொம்பளைங்க சந்தோஷத்துல அழுவுறாங்க."

பிற்பகல் 2:05.
மிச்ச மாதிரியை முழுச் சோதனைக்குப் போட்டேன். ஆர்செனிக் நஞ்சு, லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம். குடிநீரில் 0.01-ஐத் தாண்டக் கூடாது. மறுபடி போட்டேன். ஒன்பது.
ஈயத்தைக் கட்டிய அதே காரம் சாம்பலில் இருந்த ஆர்செனிக்கை அவிழ்த்துவிட்டிருக்கிறது. கல்லூரியில் படித்ததுதான். ஈயத்தை மட்டும் அளந்தேன். மூன்று வருடம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள். சீக்கிரம் நல்ல செய்தி சொல்ல ஆசைப்பட்டேன்.

பிற்பகல் 3:50.
ஜீப் கிளம்பவில்லை. நடக்கப் போகிறேன். தொழிற்சாலைக் கழிவான இரும்புச் சேறு ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும். முதுகில் இருபது கிலோ. கிணற்றில் கொட்டினால் கொஞ்சமாவது குறையும். சின்ன வானொலி பையில். அதிலும் கேட்க மட்டும்தான்.

மாலை 5:25.
மழை. கசடு கரைந்து சுண்ணாம்புக் குழம்பாகிவிட்டது. பூட்ஸுக்குள் இறங்கி எரிகிறது. பாதத் தோல் காலுறையோடு வருகிறது. பார்க்காமல் நடக்கிறேன். பாதி மூட்டையை இறக்கிவிட்டேன்.

மாலை 5:50.
நசீர்:
"அக்கா, நாலு புள்ளைங்க வாந்தி எடுக்குது, வயித்தால போவுது. ஒடம்புல தண்ணி வத்தக் கூடாதுன்னு சொல்வீங்களே. கெணத்துத் தண்ணியிலயே உப்பு, சர்க்கரை போட்டு நிறுத்தாம குடுத்துட்டிருக்கோம். சரிதானே அக்கா?"
கத்தினேன். வானொலியைப் பார்த்துக் கத்தினேன்.
"அக்கா? சரி, நீங்க வேலையா இருப்பீங்க. இன்னும் குடுக்கிறோம்."

நேரம் தெரியவில்லை.
நிற்க முடியவில்லை. தவழ்கிறேன். காலனியின் கூரைகள் தெரிகின்றன. குரல் எட்டவில்லை. இதைக் கண்டெடுப்பவர் என்னைத் தேட வேண்டாம். முதலில் கிணற்றை மூ