நாகமலை என்றால் மாரிக்கு

ஜூலை 16, புதன்

காலையிலேயே காற்று. ஆடி நாளைக்குத்தான் பிறக்கிறது, புழுதி இன்றே வந்துவிட்டது. பாஸ்கெட்பால் கோர்ட்டைப் பெருக்கிவிட்டுத்தான் பிராக்டிஸ். வலது முழங்காலில் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

கோச் எங்கள் டிபார்ட்மென்ட் போட்டி அட்டவணையோடு வந்தார். சனி அரையிறுதி, ஞாயிறு ஃபைனல். எதிரே அநேகமாகக் கோயம்புத்தூர். கோயம்புத்தூர் என்றால் வாசுகி. இத்தனை வருடம் என் பக்கத்தில் ஆடியவள். கல்யாணமாகி, டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு அந்த டீமுக்கே போய்விட்டாள். நானும் அவளும் சேர்ந்து இரண்டு ஃபைனல் தோற்றிருக்கிறோம், இரண்டும் இதே சொந்த ஊர் கிரவுண்டில். இந்தக் கப்பை ஒரு தடவையாவது தூக்க வேண்டும். கேப்டனான நான் வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனம். ஆனாலும் வேண்டும்.

பிரச்சினை இதுதான். நாங்கள் கோர்ட்டில் கத்தும் பெயரெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, ஸ்டாப் பெயர்களாகப் பார்த்து அவளும் நானும் வைத்தவைதானே.

தெப்பக்குளம்: எல்லோரும் சுற்றி ஓட வேண்டும். எதிராளி அசந்தால் உள்ளே.
கோச்சடை: இடது மூலையிலிருந்து ஷாட்.
நாகமலை: பந்து உயரமாக, கூடைக்கு அடியில் நிற்கும் மாரிக்கு.

வெளியூர் டீம் எதுவும் புரியாமல் முழிக்கும். இந்தத் தடவை முழிக்கப்போவது நாங்கள்.

கோச்: "பேரையெல்லாம் மாத்திருவோம். இட்லி, வடை, பொங்கல். அம்புட்டுத்தான்."

மாரி: "பசியோட ஓடும்போது இதையெல்லாம் கத்துனா எப்புடி சார்?"

ஜூலை 17, வியாழன்

வடை படுதோல்வி. கத்தியதும் மீனா இடது மூலைக்கு ஓடினாள், மாரி கூடைக்கு அடியில், மற்ற இருவரும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பந்து என் கையிலேயே. கோச் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாரி பட்டென்று சொன்னாள்: "அக்கா, வாயி புதுப்பேரச் சொல்லுது. காலு பழசத்தான கேக்குது?"

கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாளே என்ற கோபம்.

எங்கள் டீமில் அதிக பாயிண்ட் எடுப்பது மாரிதான். வளர்த்தி அப்படி. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா இதுவரை ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். "நான் எம்புட்டுப் போடுறேன்னு அவரு பாக்கணும்க்கா." ஷூவுக்குப் புது லேஸ் வேறு. சிவப்பு.

ஆபீஸில் சூப்பிரண்டு மேடம்: "என்ன தேவி, இந்த வருசமாவது கப்பு உண்டா, இல்ல வழக்கம்போல போட்டோ மட்டுந்தானா?" சிரித்து வைத்தேன்.

வாங்க: முழங்கால் உறை, குளுக்கோஸ், பையனுக்கு சார்ட் பேப்பர்.

வாசுகி மெசேஜ்: "வாரேன்டி. மல்லிகைப்பூ வாங்கி வை." பதில் போடக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. "வாடி வா, பூவும் இருக்கு, பூசையும் இருக்கு."

ஜூலை 19, சனி

ஜெயித்தோம். ஜெயித்த மாதிரி இல்லை. இட்லிக்கும் பொங்கலுக்கும் நடுவில் பந்து மூன்று தடவை கோட்டுக்கு வெளியே. கடைசி நிமிடத்தில் என்னை மறந்து "நாகமலை!" என்று கத்திவிட்டேன். மாரி துள்ளி வாங்கிப் போட்டாள். தப்பித்தோம். கேலரியில் வாசுகி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. அவர்களும் ஜெயித்துவிட்டார்கள்.

மீட்டிங். பழைய பெயருக்கே திரும்புவது என்று முடிவு. முதலில் சொன்னது மீனா: "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போறா." மீனா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்குவதில் கெட்டி. ஆனால் கையில் பந்து வந்தால் சுடுசட்டி மாதிரி உடனே யாரிடமாவது தள்ளிவிடுவாள். கூடையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

பயம். தூக்கம் வருமா தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

முழங்காலில் ஐஸ். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்.

முதல் பாதி நாசம். நான் "கோச்சடை" என்றால் வாசுகி "இடது மூலை, இடது மூலை" என்று அவர்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிறாள். "நாகமலை" என்றதும் மாரியைச் சுற்றி இரண்டு பேர். எட்டுப் பாயிண்ட் பின்னால். மாரியின் அப்பா கேலரி முதல் வரிசையில், மடியில் மஞ்சப்பை, அசையாமல்.

இடைவேளையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மாரி தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு:

"அக்கா, நீங்க நாகமலைன்னே கத்துங்க. நான் உள்ள போறேன். ரெண்டு பேரும் எம் பின்னாடிதான் வருவாளுக. பந்து எனக்கு வேணாம். மீனாக்காவுக்குக் குடுங்க, ஆளே இல்லாம நிப்பாங்க."

மீனா: "எனக்கா? யாத்தி!"

கோச் தயங்கினார். "ஒங்கப்பா வந்திருக்காரேம்மா."

"கப்ப வாங்குறதப் பாக்கட்டும் சார்."

சொல்லிவிட்டுக் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த சிவப்பு லேஸை மறுபடி கட்டினாள். எல்லோரும் கவனித்தோம், யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பாதி. "நாகமலை!" மாரி ஓடினாள், இரண்டு கையையும் தூக்கி "குடு, குடு" என்று கத்தினாள். பந்து வரப்போவதில்லை என்று தெரிந்தும் உயிரைக் கொடுத்து ஓடுகிறாள். வாசுகியும் இன்னொருத்தியும் பின்னாலேயே. மீனாவுக்குக் கொடுத்தேன். தவறவிட்டாள். அடுத்ததும் போச்சு. என் மனம் மாறப் பார்த்தது. உள்ளேயிருந்து மாரி: "மறுபடி மீனாக்காவுக்கே!" மூன்றாவது உள்ளே போனது. அதன் பிறகு மீனா சாமி வந்தவள்போல. போட்டுக்கொண்டே இருந்தாள். வாசுகிக்குப் புரிந்தபோது நேரம் முடிந்திருந்தது. இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம்.

கப்பைத் தூக்கினேன்! அழுதேன். அசிங்கமாக, மூக்கெல்லாம் வடிய. பரவாயில்லை.

பாஸ் கொடுப்பதுதான் டீம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பந்தே வராத இடத்துக்கு முழு வேகத்தில் ஓடுவது அதைவிடக் கஷ்டம். என்னால் முடியுமா தெரியவில்லை. பழக வேண்டும்.

வாசுகி கட்டிப்பிடித்து முதுகில் ஒரு குத்து. "நாகமலைன்னா மாரிக்குத்தானடி! நாந்தானடி பேரு வச்சேன்!" பூவைத் தலையில் வைத்து அனுப்பினேன்.

மாரியின் அப்பா கூட்டத்துக்குள் வரவில்லை. கேட் பக்கம் நின்றார். மாரி மெடலோடு போனாள். நான் பின்னால், ஷூ கழற்றுகிற சாக்கில்.

"ரெண்டாவது பாதியில நீ ஒரு பந்துகூடப் போடலையேம்மா."

மாரி தலை குனிந்தாள். நான் போய் விளக்கலாமா என்று எழுந்தேன்.

"அப்பறம் எதுக்கு அந்த ரெண்டு புள்ளைகளும் ஒன்னையவே சுத்திச் சுத்தி வந்துச்சுக?"

"பயம்ப்பா."

"கையில பந்தே இல்லையே?"

"இல்லாதப்பவுந்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.